பாங்கியில் யார் பேச்சு எடுபடும்?

மாதத்தின் ஐந்தாம் தேதி. பாங்கியில் நல்ல கூட்டம்.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் உள்ளே நுழைகிறார். கையில் துணிப் பை. பைக்குள் பாஸ் புத்தகம். முப்பது ஆண்டுகள் பாடம் சொல்லிச் சேர்த்த பணம் கணக்கில் இருக்கிறது. அதில் 2 லட்சம் ரூபாயை பிக்சட் டெபாசிட்டில் போட வேண்டும். வட்டி வந்தால் மருந்துச் செலவுக்கு ஆகும். இதுதான் அவருடைய எண்ணம்.

கவுண்ட்டரில் ஓர் இளைஞர். நல்ல பிள்ளை. "உட்காருங்கள் ஐயா" என்கிறார். குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறார். பிறகு மெதுவாகச் சொல்கிறார்:

"டெபாசிட்டை விட லாபமான திட்டம் ஒன்று வந்திருக்கிறது ஐயா. இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார். சில நாள் கழித்துத் தபாலில் ஒரு கட்டுக் காகிதம் வருகிறது. மகள் பிரித்து வாசிக்கிறாள். அவள் முகம் மாறுகிறது.

"அப்பா, இது டெபாசிட் இல்லை. இன்சூரன்ஸ் பாலிசி. அடுத்த வருஷமும் 2 லட்சம் கட்ட வேண்டும். அதற்கடுத்த வருஷமும் கட்ட வேண்டும்!"

இந்த ஆசிரியருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் இவரைப் போன்றவர் இல்லாத ஊரும் இல்லை.

இப்படி அகப்பட்டுக்கொண்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கலாம். சில சிறு பிடித்தங்கள் போக, பணம் திரும்பி வரும். இதற்கு விதி இருக்கிறது.

ஆனால் கேள்வி வேறு. குற்றம் யாருடையது?

மேஜைக்குள் இருக்கும் தாள்

அந்த இளைஞரைத் திட்டுவது சுலபம். அவர் செய்தது தவறுதான். ஆனால் அவருடைய மேஜை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. "இந்த மாதம் இத்தனை பாலிசி விற்க வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கிறது. மாலை ஆறு மணி ஆனால் மேலிடத்திலிருந்து டெலிபோன் வரும். "இன்று எத்தனை?" என்று ஒரே ஒரு கேள்வி. "ஒன்றும் இல்லை" என்று மூன்று நாள் சொன்னால், நான்காம் நாள் பேச்சின் தொனி மாறும்.

அந்தத் தாள் வானத்திலிருந்து விழவில்லை. தலைமை அலுவலகத்தில் ஓர் அறையில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து அதை எழுதினார்கள். கடன் இலாகாத் தலைவர் இருந்தார். வியாபார இலாகாத் தலைவர் இருந்தார். கணக்கு இலாகாத் தலைவர் இருந்தார்.

இன்னொருவரும் அங்கே இருந்தார். ஊழியர்களின் பொறுப்பைச் சுமக்கிறவர் அவர். அந்தக் காலத்தில் அவருக்கு "பர்சனல் ஆபீசர்" என்று பெயர். இன்று "மனித வள அதிகாரி" என்கிறார்கள். இளைஞர்கள் "எச்.ஆர்." என்று சுருக்கிவிட்டார்கள்.

"இந்த அளவு வைத்தால் பிள்ளைகள் பொய் சொல்லித்தான் விற்பார்கள். இது வேண்டாம்" என்று அவர் அன்று சொன்னாரா? சொல்லியிருந்தால் மற்றவர்கள் காது கொடுத்தார்களா?

ஆசிரியரின் 2 லட்சம் இந்த இரண்டு கேள்விகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே மனித வள அதிகாரியின் பேச்சு பாங்கியில் எடுபடுகிறதா என்பது, பாங்கிக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. பாஸ் புத்தகம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் விஷயமும் ஆகும்.

ஆளைக் கணக்குப் பார்ப்பவர்

பாங்கியில் பணத்தைக் கணக்குப் பார்க்க ஆயிரம் பேர் உண்டு. ஆளைக் கணக்குப் பார்ப்பவர் இவர் ஒருவர்தான்.

யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது, யாரை எந்த ஊருக்கு மாற்றுவது, யாருக்கு உயர்வு கொடுப்பது, தவறு செய்தவரை எப்படி விசாரிப்பது - எல்லாம் அவர் வேலை. வள்ளுவர் ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், ஆராய்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கு இன்னோர் அதிகாரமும் வைத்தார். அவ்வளவு பழைய வேலை இது!

வேலை பெரியது. ஆனால் மரியாதை? பல இடங்களில் இவரை இரண்டு பக்கமும் நம்புவதில்லை. மேலே இருப்பவர்கள், "இவருக்கு வியாபாரம் தெரியாது" என்கிறார்கள். கீழே இருப்பவர்கள், "இவர் மேலிடத்தின் ஆள்" என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

கதவில் பெயர்ப் பலகை மாட்டினால் இந்த நிலை மாறாது. பட்டத்தின் பெயரை மாற்றினாலும் மாறாது. செல்வாக்கு நியமன உத்தரவில் வருவதில்லை. அது சம்பாதிக்க வேண்டிய பொருள்.

சட்டப் புத்தகம் ஆண்ட காலம்

இந்த நிலை எப்படி வந்தது? கொஞ்சம் பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

அகில இந்திய பாங்கி ஊழியர் சங்கம் 1946-ல் கல்கத்தாவில் பிறந்தது. சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் போராட்டம் நடந்தது. 1953-ல் சாஸ்திரி தீர்ப்பு வந்தது. 1962-ல் தேசாய் தீர்ப்பு வந்தது. 1966-ல் நிர்வாகமும் சங்கங்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அந்த நாளில் ஊழியர் இலாகா அதிகாரிக்கு வேண்டிய தகுதி ஒன்றே. தீர்ப்பில் எந்தப் பக்கத்தில் எந்த விதி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வக்கீலுக்குத் தம்பி மாதிரி அவர் இருந்தார். சண்டை வந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். சண்டை தீர்ந்தால் மறந்துவிடுவார்கள்.

1969 ஜூலை 19-ல் 14 பெரிய பாங்கிகள் அரசுடைமை ஆயின. அப்போது நாடு முழுவதும் 8,262 கிளைகள் இருந்தன. 1990-ல் அது சுமார் 60,000 ஆகிவிட்டது! கிராமம் கிராமமாகக் கிளை திறந்தார்கள். லட்சக்கணக்கில் இளைஞர்களும் இளம் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். ஊழியர் இலாகா பரீட்சை நடத்தியது, உத்தரவு அடித்தது, மாற்றல் பட்டியல் போட்டது. மூச்சு விட நேரமில்லை.

இதற்கிடையே வேறொரு சிந்தனையும் வந்தது. 1975-ல் ஆமதாபாத் நிர்வாகக் கல்லூரிப் பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி.ராவ் இருவரும் லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனிக்கு ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார்கள். ஊழியரைச் செலவுக் கணக்கில் எழுதாதே, வளரும் செல்வமாக நினை என்பது அதன் சாரம். இந்தியாவில் மனித வளத் துறை என்ற தனித் துறைக்கு அதுதான் ஆரம்பம். சில ஆண்டுகளில் அந்த எண்ணம் பாங்கிகளுக்கும் பரவியது.

பெயர் பரவியது. ஆனால் செல்வாக்கு? அதற்கு வேறு பாடம் படிக்க வேண்டியிருந்தது.

பரோடா பாங்கியில் நடந்தது

அந்தப் பாடத்துக்கு ஓர் உதாரணம் உண்டு. அவர் பெயர் அனில் கண்டேல்வால்.

பாங்கித் தலைவர்கள் வழக்கமாக எங்கிருந்து வருவார்கள்? கடன் இலாகாவிலிருந்து வருவார்கள்; அல்லது கிளை நிர்வாகத்திலிருந்து வருவார்கள். கண்டேல்வால் ஊழியர் பயிற்சியிலும் ஊழியர் துறையிலும் ஊறி வளர்ந்தவர். அவர் முதலில் தேனா பாங்கித் தலைவர் ஆனார். பிறகு 2005-ல் பாங்க் ஆப் பரோடாவின் தலைவர் ஆனார். 2008 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவர் வந்த வருஷமே பாங்கிக்குப் புதிய சின்னம் வந்தது. கிரிக்கெட் வீரர் ராகுல் டிராவிட் விளம்பரத்தில் வந்தார். இதையெல்லாம் பணம் கொடுத்தால் யாரும் செய்துவிடலாம். அதைவிடக் கடினமான ஒன்றையும் அவர் தொட்டார். பல கிளைகளைக் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை திறந்து வைத்தார்.

பாங்கி ஊழியரின் வேலை நேரத்தைத் தொடுவது சாதாரணமா? தேன்கூட்டில் கை வைப்பது மாதிரி! எத்தனையோ தலைவர்கள் நினைத்துப் பார்த்து விட்டுவிட்ட காரியம் அது. ஆளோடு பேசத் தெரிந்தவரால் முடிந்தது.

"சம்பர்க்" என்று ஒரு தொடர்பு ஏற்பாடு செய்தார். ஊழியர் தம் குறையைத் தலைவருக்கே நேராகத் தெரிவிக்கலாம். நடுவில் ஆள் இல்லை. "கோஜ்" என்று ஒரு திட்டம் போட்டார். இந்தியில் அதற்குத் "தேடல்" என்று அர்த்தம். எங்கோ ஒரு மூலையில் இருக்கும் கெட்டிக்காரர்களைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவரும் திட்டம் அது.

இதில் தெரிய வேண்டியது என்ன? அவர் ஊழியர் துறையில் இருந்தபோது, அது வேறு, பாங்கி வியாபாரம் வேறு என்று நினைக்கவில்லை. கிளை எப்படி நடக்கிறது, வாடிக்கையாளர் ஏன் கோபப்படுகிறார், அடுத்த பாங்கி எப்படி முந்துகிறது என்று தெரிந்து வைத்திருந்தார். மண்டல நிர்வாகமும் பார்த்தார். ஆகவே அவர் ஊழியரைப் பற்றிப் பேசினால் அது பாங்கியைப் பற்றிய பேச்சாக இருந்தது.

அரசுடைமை பாங்கிகளின் ஊழியர் பிரச்னைகளை ஆராய மத்திய அரசு ஒரு குழு போட்டபோது, அதற்கு அவரே தலைவர் ஆனார். 2010-ல் அறிக்கை கொடுத்தார். ஊழியர் பணிக்குத் தேர்ந்த திறமையாளர் வேண்டும், நாளைய தலைவர்களை இன்றே தயார் செய்ய வேண்டும் என்பவை அதன் முக்கிய யோசனைகள்.

கவுண்ட்டரில் உட்கார்ந்தவர் பேச்சு

ஸ்டேட் பாங்கியிலும் ஓர் உதாரணம் உண்டு. அருந்ததி பட்டாச்சார்யா 1977-ல் அங்கே பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். கடன், கிளை நிர்வாகம், வெளிநாட்டு அலுவலகம் என்று பல இடங்களில் வேலை பார்த்தார். பாங்கியின் ஊழியர் துறைக்கும் தலைமை வகித்தார். 2013-ல் ஸ்டேட் பாங்கியின் முதல் பெண் தலைவர் ஆனார்.

அவர் கொண்டுவந்த ஓர் ஏற்பாடு வீட்டுப் பெண்களுக்கு உடனே புரியும். குழந்தையை வளர்க்கவோ, படுக்கையில் இருக்கும் மாமனார் மாமியாரையோ பெற்றோரையோ கவனிக்கவோ பெண் ஊழியர்கள் 2 வருஷம் வரை வேலையை விட்டு விலகியிருந்து, மறுபடி வந்து சேரலாம். ராஜினாமா செய்ய வேண்டியதில்லை!

இருபது வருஷம் பழகிய கெட்டிக்கார அதிகாரி ஒருவர் வீட்டுக் கஷ்டத்தால் வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் யாருக்கு? அவருக்கு மட்டுமா? பாங்கிக்கும்தான். கடன் கேட்டு வருபவன் முகத்தைப் பார்த்தே எடை போடும் அனுபவத்தை எந்தக் கடையில் வாங்குவது? இந்தக் கணக்கு தெரிந்தவர் கொண்டுவந்ததால் அந்த ஏற்பாடு "சலுகை" என்று ஒதுக்கப்படவில்லை.

ஆகவே முதல் விதி இது: பாங்கியின் மனித வள அதிகாரி கவுண்ட்டர் தெரிந்தவராக இருக்க வேண்டும். ரொக்கம் குறைந்தால் காசாளருக்கு வயிறு எப்படிக் கலங்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். வாராக் கடன் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். தெரியாதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது பட்டிமன்றப் பேச்சாகவே போகும்.

மாற்றல் என்னும் தராசு

இரண்டாவது விதி நேர்மை. பாங்கியில் நேர்மைக்குத் தராசு எது? மாற்றல் பட்டியல்!

அரசுடைமை பாங்கியில் சம்பளம் மனித வள அதிகாரி கையில் இல்லை. அது நாடு முழுவதற்கும் சேர்த்துப் பேசி முடிவு செய்வது. 2024 மார்ச் 8-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 17 சதவிகித உயர்வு கொடுத்தது. சுமார் 8 லட்சம் பேருக்கு அது பயன்பட்டது. அதில் தனி ஒரு பாங்கியின் அதிகாரி ஒரு ரூபாய் கூட்டவும் முடியாது; குறைக்கவும் முடியாது.

அவர் கையில் இருப்பது மாற்றலும், உயர்வும், பயிற்சியும்தான். ஓர் ஊழியர் குடும்பத்துக்கு மாற்றல் என்பது என்ன? பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறும். வயதான தாயாரைப் பார்க்க ஆள் இருக்காது. கணவர் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர் என்று ஆகிவிடும். இத்தனையும் ஒரு தாளில் அடங்கியிருக்கிறது.

அந்தத் தாள் விதிப்படி வந்தால், வருத்தம் இருந்தாலும் ஊழியர் பொறுத்துக்கொள்வார். சிபாரிசின்படி வந்தால் பொறுக்க மாட்டார். "அவருக்கு மட்டும் எப்படி உள்ளூர் கிடைத்தது?" என்ற ஒரு கேள்வி போதும். மனித வள அதிகாரி பத்து வருஷம் சேர்த்த மரியாதை ஒரே நாளில் கரைந்துவிடும்.

மத்திய நிதி அமைச்சகம் 2014-ல் பெண் ஊழியர்களைக் கணவர் அல்லது பெற்றோர் இருக்கும் இடத்துக்கு அருகில் அமர்த்த விதி செய்யும்படி அரசுடைமை பாங்கிகளைக் கேட்டுக்கொண்டது. 2024-ல் மாற்றல் விதிகளை வெளிப்படையாக்கும்படி மறுபடியும் சொன்னது. ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது என்றாலே நோய் இன்னும் தீரவில்லை என்றுதானே அர்த்தம்?

பாங்கிகள் இணையும்போது இந்தத் தராசு இன்னும் முக்கியம். 2020 ஏப்ரல் 1-ல் கல்கத்தாவின் அலகாபாத் பாங்கி, சென்னையின் இந்தியன் பாங்கியோடு சேர்ந்தது. ஒன்று 1865-ல் பிறந்தது. மற்றது 1907-ல் பிறந்தது. பழக்கம் வேறு, பாஷை வேறு. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பந்தியில் ஒரு பக்கம் மட்டும் நெய் விழுந்தால் என்ன ஆகும்? யார் மூத்தவர், யாருக்கு முதலில் உயர்வு என்ற கணக்கைச் சரியாகப் போட வேண்டியவர் மனித வள அதிகாரிதான். இயந்திரங்களை இணைக்க நிபுணர்களைக் கூப்பிடலாம். மனங்களை இணைக்க ஒப்பந்தக்காரர் கிடைப்பாரா?

எண்ணிச் சொன்னால் கேட்பார்கள்

மூன்றாவது விதி: எண்ணிப் பேச வேண்டும். பாங்கி என்பது எண்களின் வீடு. அங்கே "ஊழியர்கள் உற்சாகம் குறைந்திருக்கிறார்கள்" என்றால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "இன்னும் நான்கு வருஷத்தில் இந்த மண்டலத்தில் பாதி மானேஜர்கள் ஓய்வு பெறுவார்கள். அந்த நாற்காலிகளுக்கு ஆள் தயாராக இல்லை" என்றால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்தக் கணக்கைப் போடாமல் விட்டதற்கு நாடு விலை கொடுத்திருக்கிறது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அரசுடைமை பாங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பிறகு பல வருஷம் புதிய ஆட்களை எடுப்பதும் குறைந்துபோயிற்று. செலவு குறைந்தது என்று அன்று மகிழ்ந்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? கிளைகளில் நரைத்த தலைகள் இருந்தன. புதிதாக வந்த கறுத்த தலைகள் இருந்தன. நடுவில் ஆள் இல்லை! அப்பா இருக்கிறார், பேரன் இருக்கிறான், மகனைக் காணோம் என்ற மாதிரி. பெரியவர்கள் ஓய்வு பெற்றதும், அனுபவம் போதாத தோள்களில் பெரிய பாரம் விழுந்தது.

தனியார் பாங்கிகளின் கணக்கு வேறு விதம். அங்கே ஆள் சேர்க்கிறார்கள், ஆள் நிற்பதில்லை. 2024 டிசம்பரில் வந்த ரிசர்வ் பாங்கி அறிக்கை, தனியார் பாங்கிகளில் வருஷத்துக்குச் சுமார் 25 சதவிகிதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்றது. நாலு பேரில் ஒருவர்! இந்த வருஷம் கடன் வாங்க உதவிய இளைஞரை அடுத்த வருஷம் தேடினால் காணோம். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார். இது வாடிக்கையாளருக்குத் தொல்லை, பாங்கிக்கு ஆபத்து.

இந்த எண்களைத் தலைவர்கள் மேஜையில் வைத்து, "ஒருவர் போனால் பாங்கிக்கு இவ்வளவு நஷ்டம்" என்று ரூபாயில் சொல்லும் மனித வள அதிகாரியை யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

கட்டாய விடுமுறையின் ரகசியம்

பாங்கிகளில் ஒரு விசித்திரமான விதி உண்டு. முக்கியமான பொறுப்பில் இருப்பவர்கள் வருஷத்தில் ஒரு தடவை, தொடர்ந்து 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் விடுமுறையில் போயே ஆக வேண்டும். முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். திடீரென்று "நாளை முதல் நீங்கள் விடுமுறை" என்பார்கள். அந்த நாட்களில் அவர் வேலையைத் தொட முடியாது. ரிசர்வ் பாங்கி 2021-ல் இதைத் தெளிவாக வகுத்தது.

எதற்காக? கணக்கில் தில்லுமுல்லு செய்பவர் அதை மறைக்க நாள்தோறும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பத்து நாள் விலகினால், அவர் நாற்காலியில் உட்கார்பவர் கண்ணில் அது பட்டுவிடும். நேர்மையானவருக்கோ, அது ஓய்வு!

பாருங்கள், விடுமுறைப் பட்டியல் என்றால் குமாஸ்தா வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவே பாங்கிப் பெட்டகத்தின் பூட்டாகவும் இருக்கிறது. சம்பளமும் அப்படித்தான். தனியார் பாங்கித் தலைவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி வேலையின் பலனைப் பொறுத்து இருக்க வேண்டும், பின்னால் தவறு தெரிந்தால் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கவும் வழி வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2019-ல் விதித்தது. ஆள் கணக்கும் பணக் கணக்கும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

வாய் மூடியதால் வந்த வினை

நான்காவது விதிதான் கடினமானது: "கூடாது" என்று சொல்லும் தைரியம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது.

வெல்ஸ் பார்கோ என்பது அங்கே மிகப் பெரிய பாங்கிகளில் ஒன்று. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் எட்டுக் கணக்காவது வைத்துக்கொள்ளச் செய்ய வேண்டும் என்று அங்கே ஓர் இலக்கு இருந்தது. கிளை ஊழியர்கள் திணறினார்கள். எட்டு எங்கே கிடைக்கும்? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள்!

2016 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. சுமார் 20 லட்சம் கணக்குகள் இப்படித் திறக்கப்பட்டிருக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். அடுத்த வருஷம் அது 35 லட்சம் என்றார்கள். முதல் அபராதம் 18.5 கோடி டாலர். அதற்கு முந்திய ஐந்து வருஷத்தில் சுமார் 5,300 ஊழியர்களை பாங்கி வேலை நீக்கம் செய்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஐந்து வருஷம், 5,300 பேர், எல்லோரும் ஒரே விதக் குற்றம். ஒவ்வொரு நீக்கமும் மனித வளத் துறையின் கையைக் கடந்துதானே போயிருக்க வேண்டும்? "ஒரே மரத்தில் இத்தனை இலை பழுக்கிறது, வேரில் ஏதோ நோய்" என்று யாராவது உரக்கச் சொன்னார்களா? பிறகு நடந்த விசாரணை அறிக்கை, கண்காணிக்க வேண்டிய துறைகள் ஒவ்வொரு புகாரையும் தனித்தனியாகப் பார்த்து முடித்தன, மொத்தத்தைப் பார்க்கவில்லை என்று குறை கூறியது.

2020 ஜனவரியில் அந்த பாங்கியின் முன்னாள் மனித வளத் தலைவர், அரசின் பாங்கிக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு 22.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார். இந்த வேலைக்கு எவ்வளவு பொறுப்பு உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

எதிர்ப் பேச்சுக்குப் பதில்

"பாங்கி வியாபாரம் செய்ய வந்ததா, ஊழியருக்குத் தாலாட்டுப் பாட வந்ததா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இலக்கு இல்லாத பாங்கி தூங்கிவிடும். தூங்கும் பாங்கியால் ஏழைக்குக் கடனும் கிடைக்காது. ஆனால் வேகமாக ஓடும் வண்டிக்குத்தான் நல்ல பிரேக் வேண்டும். நிற்கும் வண்டிக்கு எதற்கு?

"ஊழியருக்காகப் பேசச் சங்கம் இருக்கிறதே!" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். சங்கம் வேண்டும். ஆனால் சங்கம் தன் உறுப்பினருக்காகப் பேசும். இலக்கு எழுதும் அறைக்குள் அதற்கு நாற்காலி இல்லை. அந்த அறைக்குள் இருப்பவர் மனித வள அதிகாரிதான்.

"அவருக்குச் செல்வாக்கு வந்தால் மாற்றலைச் சாட்டையாக வீசுவாரே!" என்ற பயமும் உண்டு. இந்தப் பயம் உண்மை. அதனால்தான் செல்வாக்கும் வெளிப்படையான விதியும் சேர்ந்தே வர வேண்டும்.

செய்ய வேண்டியது மூன்று. மனித வளத் துறைக்கு வருபவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய பட்டம் பெற்றிருந்தாலும், முதலில் 2 வருஷமாவது கிளையில் வேலை பார்க்க வேண்டும். அதில் சில மாதம் கிராமக் கிளையாக இருந்தால் இன்னும் நல்லது. மாற்றல், உயர்வு விதிகளை எல்லா ஊழியர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். விதியை மீறினால் காரணத்தை எழுத வேண்டும். விற்பனை இலக்கு எதுவானாலும் மனித வள அதிகாரியின் எழுத்து மூலமான கருத்து இல்லாமல் கிளைக்குப் போகக் கூடாது. அவர் "சரி" என்றாலும் எழுதட்டும். "கூடாது" என்றாலும் எழுதட்டும். நாளை கேள்வி வந்தால் அந்தத் தாள் பதில் சொல்லும்.

அப்படி எழுதும் தைரியம் இருப்பவருக்கு மேலே இருப்பவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு, முக்கியமான முடிவு எடுக்கும் முன் அவரைத்தான் தேடுவார்கள்.

அன்றைக்கு அந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் துணிப் பையோடு மறுபடி பாங்கிக்கு வருவார். கவுண்ட்டர் இளைஞர் எழுந்து, "உட்காருங்கள் ஐயா" என்பார். "டெபாசிட்தானே? எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்பார். ரசீதை எழுதிக் கையில் கொடுப்பார். மேஜை இழுப்பறைக்குள் கிடக்கும் தாளைப் பற்றி இருவருக்கும் நினைவே வராது.